ஒரு வளாகம், இரண்டு உலை

நம் ஊர்களில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்துவிட்டார்களா என்று அறிய யாரும் பத்திரத்தைப் புரட்டுவதில்லை. "தனி உலை வச்சுட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். கூரை ஒன்றாக இருக்கலாம், கிணறு பொதுவாக இருக்கலாம். உலை இரண்டானால் குடும்பமும் இரண்டு. ஆப்கன் தேசிய ராணுவத்தை உருவாக்கி வளர்க்க அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் 2002 முதல் 2021 வரை எடுத்த முயற்சி பற்றிக் கட்டுக்கட்டாக அறிக்கைகள் வந்திருக்கின்றன. செலவு, ஆயுதம், ஆள்பலம், வியூகம் எல்லாம் அவற்றில் உண்டு. படிக்கப் படிக்க எனக்குள் எழுந்த கேள்வி வேறு: இந்த இரண்டு படைகளும் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டன?

பெரும்பாலும் தனித்தனியாகத்தான். ஆப்கன் முகாமுக்குள்ளேயோ அதை ஒட்டியோ, மண் நிரப்பிய ஹெஸ்கோ கூடைகளும் கான்கிரீட் பலகைகளும் சூழ, வெளிநாட்டு ஆலோசகர்களுக்கு ஒரு சிறு முகாம் இருக்கும். தனி வாயில், தனிக் காவல், தனி ஜெனரேட்டர், தனிச் சாப்பாட்டுக்கூடம். அங்கே வேகும் உணவு ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகக் கண்டம் கடந்து வந்தது. காந்தகார் விமானதளத்தில் 2006 முதல் 2011 வரை கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடையே நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய அண்டாக்களில் சோறு, 'லோபியா' என்று அவர்கள் சொல்லும் சிவப்பு ராஜ்மா, நான் ரொட்டி, பச்சைத் தேநீர், வாய்த்த நாளில் ஆட்டிறைச்சி.

விதிவிலக்குகள் இருந்தன. மலைமுகட்டுக் காவல்நிலைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வெளிநாட்டினர் ஒரு ஆப்கன் கம்பெனியோடு தங்கினார்கள். அங்கே தரையில் தோஷக் மெத்தை, நடுவில் விரித்த துணி, அதன்மேல் பொதுத் தட்டு; எல்லோரும் வலக்கையால் எடுத்து உண்பது. கரண்டியோடு வளர்ந்தவனுக்குச் சோற்றை உருட்டி வாயில் போடத் தெரியாமல் மடியில் சிந்தும். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இடம் கிடையாது.

கதை தொடங்கியது 2002 மே மாதம், காபூலின் கிழக்கு விளிம்பில், புலி சர்க்கி சிறைப் பக்கமுள்ள ராணுவப் பயிற்சி மையத்தில். அமெரிக்கச் சிறப்புப் படையினர் முதல் பட்டாலியன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தாரி, பஷ்தோ இரண்டிலும் பட்டாலியனுக்குப் பெயர் கந்தக். 2003இல் 'டாஸ்க் ஃபோர்ஸ் ஃபீனிக்ஸ்' என்ற அமைப்பு வந்தது. பயிற்சி முடித்து வெளியேறும் கந்தக்கோடு ஒரு சிறு அமெரிக்கக் குழுவும் கூடவே போய் வாழ்ந்து, போரிட்டு, கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சுமார் 600 பேர் கொண்ட கந்தக்குக்குக் கணக்குப்படி 16 பேர். நடைமுறையில் பல குழுக்களுக்கு அந்த எண்ணிக்கை வாய்க்கவில்லை. நேட்டோ நாடுகள் தங்கள் குழுக்களுக்கு நீண்ட பெயர் ஒன்றை வைத்தன. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'ஆம்லெட்' என்று வரும். சிப்பாய்கள் ஆம்லெட் என்றே சொன்னார்கள். ஆப்கானியர் அவர்களை அழைத்த சொல் முஷாவிர், அதாவது ஆலோசகர். 1980களில் சோவியத் ஆலோசகர்களுக்கும் அதே சொல்தான்.

அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது ஆண்டு அனுபவம் இருந்தது. கந்தக் தளபதிகளில் பலர் சோவியத் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள். மற்றவர்கள் அதே சோவியத் படையை எதிர்த்து மலையில் கிடந்த முஜாஹிதீன்கள். எதிரெதிராகச் சுட்டுக்கொண்ட இருவர் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் போர் என்றால் என்னவென்று சொல்லித்தர வந்தவர் முப்பது வயதைத் தொடாத கேப்டன். தளபதிக்கு எரிச்சல் வந்திருக்காதா என்றால், வந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தவனை முகம் சுளித்து அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. தேநீர் வரும், பாதாம் வரும், உலர்திராட்சை வரும், குடும்ப நலம் விசாரிப்பு நீளும். கேப்டனின் குறிப்பேட்டில் ஏழு விஷயங்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். முதல் விஷயத்துக்கு வருவதற்குள் மூன்று கோப்பை காலியாகும்.

ஆலோசகர்கள் இதை நேர விரயம் என்று நினைத்தார்கள். பிறகு இதுவே வேலை என்று புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்ட நேரத்தில் ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. பிரிட்டிஷ் படையணிகள் ஆறு மாதம், அமெரிக்க மரீன்கள் ஏழு மாதம், அமெரிக்கத் தரைப்படை ஏறத்தாழ ஓர் ஆண்டு என்று சுழற்சி. நாற்காலியில் இருந்த தளபதி மாறவில்லை. எதிரே தேநீர் குடிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். நான்கைந்து முஷாவிர்களைப் பார்த்துவிட்ட தளபதிக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்: புதிதாக வருபவனுக்குத் தன் காலத்துக்குள் காட்ட ஒரு வெற்றி வேண்டும். முந்தையவர் மறுத்த ஜெனரேட்டரைப் புதியவரிடம் மறுபடி கேட்கலாம். முந்தையவர் சொல்லித்தந்ததைப் புதியவர் முதலிலிருந்து தொடங்கும்போது முதன்முறை கேட்பதுபோலத் தலையாட்டலாம். இதைத் தந்திரம் என்று சொல்ல மனம் வரவில்லை. மருமகள்கள் வந்து போகும் வீட்டில் மாமியார் பழகிக்கொள்வது மாதிரி.

இருவருக்கும் நடுவில் எப்போதும் மூன்றாமவர் ஒருவர் இருந்தார்: தர்ஜுமான், மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் நகரத்து இளைஞர். ஆங்கிலத்தைப் பாகிஸ்தான் அகதி முகாம்களிலோ சினிமாவிலோ கற்றவர். கேப்டன் கோபத்தில் சொன்ன கெட்ட வார்த்தையை அப்படியே கர்னலிடம் சொன்னால் அன்றைய வேலை கெடும். எனவே அது பணிவான வேண்டுகோளாக உருமாறும். கர்னலின் ஏளனமும் இந்தப் பக்கம் வந்துசேரும்போது மரியாதையாகிவிடும். இரு பக்கமும் தங்கள் உறவு நன்றாக இருப்பதாக நம்பியதில் தர்ஜுமானின் கைவேலை எவ்வளவு என்பதை யாரும் அளந்ததில்லை. இவர்களுக்குச் சிறப்புக் குடியேற்ற விசா வழங்க அமெரிக்கா 2009இல் சட்டம் இயற்றியது. 2021 ஆகஸ்டில் காபூல் விமானநிலைய வாசலில் கோப்புகளை உயர்த்திப் பிடித்து நின்றவர்களில் பலர் இந்த விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள்.

காலை உடற்பயிற்சி, சுடுபயிற்சி, ரோந்து என்றெல்லாம் நாள் நகர்ந்தாலும் ஆலோசகரின் பொழுதைத் தின்றது காகிதம். ஆப்கன் பாதுகாப்பு அமைச்சகத்தில் 'படிவம் 14' என்றொன்று இருந்தது. டீசலோ காலணியோ டயரோ தோட்டாவோ எது வேண்டுமானாலும் அதை நிரப்பி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி மேலே அனுப்ப வேண்டும். மேலே அது நிற்கும். சரக்கறைக் காப்பாளரிடம் பொருள் இருக்கும். கொடுத்துவிட்டால் தன்னிடம் ஒன்றுமிருக்காதே என்று அவர் கொடுக்க மாட்டார். பற்றாக்குறையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த நாட்டில் சேர்த்து வைப்பதே பொறுப்புள்ள அதிகாரிக்கு அடையாளம். குளிர் இறங்கும், சிப்பாய்க்குக் கம்பளி வராது. ஆலோசகர் என்ன செய்வார்? தன் பக்கத்துத் தொலைபேசியை எடுத்து, தன் பக்கத்துக் கிடங்கிலிருந்து வரவழைத்துவிடுவார்.

1917இல் அரபுப் படைகளோடு இருந்த டி.இ. லாரன்ஸ், பின்வருவோருக்கென்று இருபத்தேழு குறிப்புகள் எழுதினார். உன் கையால் செம்மையாகச் செய்வதைவிட அவர்கள் கையால் சுமாராக நடப்பது மேல் என்ற பொருளில் அதிலொன்று. அமெரிக்க ராணுவத்தின் 2006ஆம் ஆண்டுக் கிளர்ச்சி எதிர்ப்புக் கையேடும் அதை எடுத்தாண்டது. எல்லோரும் படித்திருந்தார்கள். ஆனால் கம்பளியின்றி ஒருவன் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு படிவம் 14 ஊர்ந்து வரட்டும் என்று காத்திருப்பதற்கு, ஓராண்டுத் தவணையில் வந்த எவருக்கும் மனமும் இல்லை, நாளும் இல்லை. இந்த இடத்தில் நான் அவர்களைக் குறைசொல்லத் தயங்குகிறேன். இருந்தாலும் கந்தக் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: அமைச்சகத்தில் படிவம் தூங்கினாலும் முஷாவிரின் தொலைபேசி தூங்காது.

படிவத்தை யார் நிரப்புவது என்ற கேள்வியும் இருந்தது. 2009 நவம்பரில் தொடங்கிய நேட்டோ பயிற்சித் திட்டத்துக்குத் தலைமையேற்ற ஜெனரல் வில்லியம் கால்ட்வெல், சேர வருவோரில் எழுத்தறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துப்பாக்கியில் பொறித்த எண்ணைப் படிக்கத் தெரியாதவன் அது தன்னுடையது என்று எப்படிக் காட்டுவான்? சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எப்படிக் கேட்பான்? முகாம்களில் வகுப்பு தொடங்கியது. ஒற்றைச் சொற்களை எழுதிப் படிப்பதும் ஆயிரம் வரை எண்ணுவதும் முதல் நிலை. மூன்றாம் நிலை நம் மூன்றாம் வகுப்பு மாதிரி. தாடி நரைத்த சார்ஜென்ட் தன் பெயரை முதன்முறையாக எழுதும் காட்சி ஆலோசகர்கள் பெருமையோடு நினைவுகூர்ந்த சிலவற்றில் ஒன்று. அமெரிக்காவின் ஆப்கன் மறுசீரமைப்புத் தணிக்கை அமைப்பான சிகார், 2014 ஜனவரியில் இந்த ஒப்பந்தங்களை ஆராய்ந்தது. மொத்தம் 20 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தங்கள். யார் உண்மையில் கற்றார்கள் என்பதைச் சரிபார்க்க வழியில்லை. கற்றவர்களும் தங்கவில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆள் உதிர்ந்த படையில் வகுப்பறை ஓட்டைப் பானையாகவே இருந்தது.

ஏன் உதிர்ந்தார்கள்? கோழைத்தனம் என்ற பதில் சுலபமாக வந்தது. அன்றாடம் வேறு பதில் சொல்லும். வடக்கே பதக்‌ஷான் பையன் தெற்கே ஹெல்மண்டில் பணியாற்றுகிறான். மொழி வேறு, வெயில் வேறு. சம்பளம் கையில் வருகிறது. வீட்டுக்கு அனுப்ப வங்கி இல்லை. எடுத்துக்கொண்டு அவனே போகிறான். வழியெல்லாம் சோதனைச்சாவடி, சில தாலிபானுடையவை. போய்ச் சேர்ந்தால் அறுவடை. திரும்பத் தாமதமாகிறது, அல்லது திரும்புவதேயில்லை. 2009 இறுதியில் அடிப்படை மாதச் சம்பளம் 165 டாலராகவும் சண்டை மும்முரமான பகுதிகளில் 240 டாலராகவும் உயர்ந்தபோது சேர்க்கை கூடியது. அதே காலத்தில் வார்தாக் மாகாணத்தில் சில போலீஸ்காரர்களுக்குச் செல்பேசி வழியே சம்பளம் போட்டுப் பார்த்தார்கள். பணம் வந்ததும் சம்பள உயர்வு என்று நினைத்தார்களாம். நடுவில் மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டிருந்த பங்குதான் அந்த 'உயர்வு'.

கட்டடங்களின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பொறியாளர்கள் தங்கள் அளவுகோலில் பாசறைகள் கட்டினார்கள். இடுப்புயரக் கைகழுவும் தொட்டிகள். தொழுகைக்கு முன் உளூ செய்பவர்கள் அதில் காலைத் தூக்கி வைத்துக் கழுவ, தொட்டிகள் சுவரிலிருந்து பெயர்ந்தன. எரிவாயு அடுப்புகள் கிடந்தன. சமையற்காரர்கள் பழகிய விறகைத் தரையில் மூட்டி அண்டா ஏற்றினார்கள், சுவர் கரியானது. 'பராமரிக்கத் தெரியாதவர்கள்' என்று முதலில் எழுதினார்கள். பின்னாளில் விறகடுப்பும், குந்தி உட்காரும் கழிப்பிடமும் வைத்து எளிமையாகக் கட்டலாம் என்று வரைபடத்தை மாற்றினார்கள். தவறு எப்போதும் ஒரே பக்கம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2007இல் ஆப்கன் பாதுகாப்பு அமைச்சர் அப்துல் ரஹீம் வார்தாக் இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போன காட்டுப் பச்சை உருமறைப்புச் சீருடை தேர்வானது. காடு ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே உள்ள நாடு. இதனால் கூடுதலாகப் போனது 2.8 கோடி டாலர் வரை என்று 2017இல் சிகார் கணக்கிட்டது. பச்சைச் சட்டையில் பழுப்பு மலைமேல் நின்ற சிப்பாயிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த அன்றாடத்தை நேராகக் கேட்டு எழுதிய ஆவணம் ஒன்று உண்டு. 2011 மே மாதம் ஜெஃப்ரி போர்டின் என்ற ஆய்வாளர் அமெரிக்க ராணுவத்துக்காகக் கிழக்கு ஆப்கானிஸ்தானில் 600க்கும் மேற்பட்ட ஆப்கன் படையினரையும் 200க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் விசாரித்து ஓர் அறிக்கை தந்தார். ராணுவ மேலிடம் அதன் ஆய்வு முறையைக் குறைகூறியது. வெளியில் இருந்த அறிக்கை பின்னர் ரகசிய முத்திரைக்குள் போனது. அதில் ஆப்கானியர் சொன்ன குறைகள் வியூகம் பற்றியவை அல்ல. வாகனத் தொடர் சாலையை அடைத்துக்கொண்டு யாரையும் முந்த விடுவதில்லை. இரவில் வீடு புகுந்து சோதிக்கிறார்கள். பெண்கள் இருக்கும் அறைக்கு மதிப்பில்லை. எல்லோர் கண்முன்னும் சிறுநீர் கழிக்கிறார்கள். எந்நேரமும் கெட்ட வார்த்தை. ஆடுமாடுகளைச் சுடுகிறார்கள். அமெரிக்கர் பட்டியலோ இப்படி: கஞ்சா, திருட்டு, பொய், சோம்பல், துப்பாக்கியைக் கண்டபடி நீட்டுவது, ஊழல் அதிகாரிகள், சுகாதாரமின்மை, நாய்களைத் துன்புறுத்துவது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். ஆப்கானியர் பேசியது மானம் பற்றி. அமெரிக்கர் பேசியது வேலை பற்றி. ஒருவர் சொன்ன குறை மற்றவர் காதில் அற்ப விஷயமாக விழுந்திருக்கும். பொதுவெளியில் சிறுநீர் கழிப்பது ஒரு போரின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்குமா என்று கேட்கலாம். அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவன் கையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கியும் இருக்கிறது.

2012இல் அது வெடித்தது. ஜனவரி 20 அன்று கபீசா மாகாணத்தில் ஆப்கன் சிப்பாய் ஒருவர் நான்கு பிரெஞ்சு வீரர்களைச் சுட்டுக் கொன்றார். பிரான்ஸ் பயிற்சியை நிறுத்தி வைத்தது. பிப்ரவரியில் பக்ராம் தளத்தில் குர்ஆன் பிரதிகள் எரிக்கப்பட்ட செய்தி பரவியது. அதைத் தொடர்ந்து காபூலின் உள்துறை அமைச்சகக் கட்டடத்துக்குள்ளேயே இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு இப்படி உடனிருந்தோர் கையால் இறந்த வெளிநாட்டுப் படையினர் 60 பேருக்கு மேல். எல்லாவற்றையும் தாலிபான் ஊடுருவல் என்று சொல்லிவிட முடியவில்லை. சொந்த மனக்குமுறலும் சண்டையும் பலவற்றின் பின்னால் இருந்ததாகக் கூட்டுப்படையே ஒப்புக்கொண்டது.

அதன்பின் தேநீர் மாறிவிட்டது. தளங்களுக்குள்ளும் துப்பாக்கியில் தோட்டா நிரப்பியே இருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் ஜெனரல் ஜான் ஆலன் உத்தரவிட்டார். ஆலோசகர் ஆப்கன் அதிகாரியோடு பேசும்போது அறையில் இன்னொரு வெளிநாட்டு வீரர் நிற்பார். பேச மாட்டார், தேநீர் குடிக்க மாட்டார். விருந்து கொடுப்பவரின் கைகளையும் வாசலில் நிற்பவர்களின் கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் அவர் வேலை. அவருக்கு வைத்த பெயர் 'காவல் தேவதை'. 'ஷானா ப ஷானா', தோளோடு தோள், என்பது அப்போது எல்லாச் சுவரொட்டியிலும் இருந்த முழக்கம். தோளுக்குப் பின்னால் தேவதை நின்றது. ஆப்கன் கர்னலின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். தன் அறையில், தன் தேநீரை ஊற்றிக்கொடுக்கும்போது, தன்மீது குறிவைக்கத் தயாராக ஒருவன். முன்னெச்சரிக்கை தேவையற்றது என்று சொல்வதற்கும் வழியில்லை. 2014 ஆகஸ்ட் 5 அன்று காபூலை அடுத்த கர்காவில், ராணுவக் கல்விக்கழகத்துக்குள், ஆப்கன் சிப்பாய் ஒருவரின் தோட்டாவுக்கு அமெரிக்க மேஜர் ஜெனரல் ஹெரால்ட் கிரீன் பலியானார். வியட்நாமுக்குப் பின் வெளிநாட்டுப் போரில் பகைத் தாக்குதலில் இறந்த மிக உயர்நிலை அமெரிக்க அதிகாரி அவர்.

வியட்நாம் என்றதும் ஒரு மாற்றுச் சோதனை நினைவுக்கு வருகிறது. 1965இல் அங்கே மரீன்கள் சிறு குழுக்களாகக் கிராமங்களுக்குள் குடியேறினார்கள். சுமார் பதினான்கு மரீன்கள், ஒரு மருத்துவ உதவியாளர், கூடவே அந்த ஊர்க் காவல்படையினர் முப்பத்தைந்து பேர் வரை. ஊர்ச் சோறு, ஊர் இரவு. பின்யியா என்ற கிராமத்தில் 485 நாட்கள் நடந்ததை பிங் வெஸ்ட் 'தி வில்லேஜ்' என்ற நூலாக எழுதினார். பாதிப் பேர் இறந்தும் எஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போக மறுத்தார்கள். ஆப்கன் ஆலோசகர்கள் பலரும் விரும்பிப் படித்த புத்தகம் அது. ஆனால் அத்தனை நெருக்கத்தை அத்தனை ஆபத்தோடு அனுமதிக்க 2010களின் வாஷிங்டனோ லண்டனோ தயாராக இல்லை. ஒவ்வொரு சவப்பெட்டிக்கும் அங்கே விலை உண்டு.

ஆகவே சுவர் உயர்ந்தது. ஆலோசகர்கள் கந்தக்கிலிருந்து படைப்பிரிவுத் தலைமையகத்துக்கும், அங்கிருந்து காபூலுக்கும் பின்வாங்கினார்கள். கீழே கம்பெனியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண்கள் போயின. பட்டியலில் இருக்கும் சிப்பாய் உண்மையில் இருக்கிறானா என்பதும் தெரியாமல் போனது. மூன்று லட்சம் என்று காகிதத்தில் இருந்த படையினரிலும் போலீஸாரிலும் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று கடைசி நிதியமைச்சர் காலித் பயேந்தா 2021இல் சொன்னார். இருந்தவர்களோ செத்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் தான் பதவியேற்றதிலிருந்து 45,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் இறந்துவிட்டதாக அதிபர் அஷ்ரஃப் கனி 2019 ஜனவரியில் அறிவித்தார். போரிட மறுத்தவர்கள் என்று பிறகு இவர்களைத்தான் சொன்னார்கள்.

முஷாவிரின் அந்தத் தொலைபேசி மட்டும் நெடுநாள் இருந்தது; இப்போது அதில் கேட்டது வான்தாக்குதல். 2019இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளும் ஏவுகணைகளும் 7,423. 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்துக்குப் பிறகு அது சுருங்கியது. 2021 கோடையில் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் கிளம்பினார்கள். மலைக் காவல்நிலையில் இருந்தவனுக்குத் தோட்டா வரவில்லை, சாப்பாடு வரவில்லை. படிவம் 14 எப்போதும்போல மேலே நின்றது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது.

ஒரே உலை இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று வாதிட என்னால் முடியவில்லை. அதற்கு எதிர்ச்சான்று இந்தியாவிலேயே இருக்கிறது. நம் ராணுவக் கல்லூரிகளில் ஆப்கன் பயிற்சியாளர்கள் இந்தியர்களோடு ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒரே மைதானத்தில் வியர்த்தவர்கள். சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு 2017 டிசம்பரில் ஆப்கன் ராணுவப் பெண்கள் இருபது பேர் கொண்ட அணி வந்து பயிற்சி பெற்றுச் சென்றது. 1982இல் டேராடூன் அகாடமியில் படித்த ஒருவரைச் சகமாணவர்கள் 'ஷேரு' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அந்த ஷேர் முகமது அப்பாஸ் ஸ்டானிக்சாய் பின்னாளில் தாலிபான் தலைவர்களில் ஒருவரானார். 2021இல் அவர்களுடைய அரசில் துணை வெளியுறவு அமைச்சர்.

காபூல் விழுந்த நாளில் இந்திய அகாடமிகளில் இன்னும் பயிற்சியில் இருந்த ஆப்கானியர் திட்டப்படி அணிவகுத்துப் பட்டம் பெற்றார்கள். சேருவதற்கு ராணுவம் இல்லை. 2022 பிப்ரவரியில் அப்படி நின்ற எண்பது இளைஞர்களுக்கு இந்தியா இன்னும் ஓராண்டுப் பயிற்சி ஒன்றை அளிக்க முன்வந்தது. பாடம்: அலுவலகத்துக்கும் வணிகத்துக்குமான ஆங்கிலம்.